கேன்ஸ் 2024 லைனப் சண்டை: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளும் பதில்களும்

2024 லிஸ்டை ஏன் இன்னும் விடாம பேசுறீங்க?

ஃபிரான்ஸ்ல நடக்குற கேன்ஸ் ஃபிலிம் ஃபெஸ்டிவலோட லைனப் (அந்த வருஷம் காட்ட எடுத்த படங்களோட லிஸ்ட்) பத்தி ரசிகர்களுக்குள்ள எத்தனை வகை சண்டை உண்டோ அத்தனையும் அந்த ஒரு வருஷத்துலயே நடந்துச்சு, அதனாலதான். பெரிய தலைங்களுக்கு எத்தனை நாள் சீட்டு குடுக்குறது, பெண் டைரக்டர் ஏன் இவ்ளோ கம்மி, எது இந்தியப் படம், தமிழ்ப் படம் ஏன் இல்ல, நெட்ஃப்ளிக்ஸை ஏன் உள்ள விடல, எத்தனை நிமிஷம் கைதட்டுனாங்க, எல்லாமே. அதுவும் இல்லாம ரிசல்ட் தெரிஞ்ச வருஷம். லிஸ்ட் வந்த அன்னிக்கு ஜனங்க எந்தப் பேரைப் பாத்து குதிச்சாங்க, கடைசியில எது நின்னுச்சுன்னு ரெண்டையும் வெச்சுப் பாக்கலாம். ஒவ்வொரு ஏப்ரலும் இதே கேள்விங்கதான் வருது, டைரக்டர் பேரு மட்டும்தான் மாறுது.

சரி, அந்த லிஸ்ட்ல என்னதான் இருந்துச்சு?

77வது எடிஷன், மே 14ல இருந்து 25 வரைக்கும். ஏப்ரல் 11 அன்னிக்கு பாரிஸ்ல தியரி ஃப்ரெமோவும் (படம் செலக்ட் பண்ற டீமோட தலை இவருதான்) ஃபெஸ்டிவல் பிரசிடென்ட் ஐரிஸ் க்னோப்ளோக்கும் அறிவிச்சப்போ காம்பெடிஷன்ல 19 படம். கொஞ்ச நாள் கழிச்சு இன்னும் 3 சேத்தாங்க, ஆக மொத்தம் 22. ஜூரி தலைவர் கிரெட்டா கெர்விக்.

கொப்பொலாவோட மெகாலோபோலிஸ், லாந்திமோஸோட கைண்ட்ஸ் ஆஃப் கைண்ட்னஸ், பால் ஷ்ரேடர், டேவிட் க்ரோனன்பெர்க், சொரென்டினோ, ஜியா ஜாங்கே, ஆண்ட்ரியா ஆர்னால்ட், ஜாக் ஓடியாரோட எமிலியா பெரெஸ், ஷான் பேக்கரோட அனோரா, டிரம்ப் பத்தின தி அப்ரெண்டிஸ், கொராலி ஃபார்ஜாவோட தி சப்ஸ்டன்ஸ், அப்புறம் நம்ம பாயல் கபாடியாவோட ஆல் வி இமேஜின் ஆஸ் லைட். இது முழு லிஸ்ட் இல்ல, சண்டைக்கு தேவையான அளவு.

"பேப்பர்ல பாத்தா சுமார் லிஸ்ட்தான்"னு அன்னிக்கு நிறைய பேர் சொன்னாங்களே?

சொன்னாங்க. 2023 லிஸ்ட் மாதிரி கனமா இல்லன்னு ஒரே புலம்பல். அந்தப் புலம்பலுக்கு ஒரு காரணம் இருந்துச்சு, அந்த 2023லதான் அனாட்டமி ஆஃப் எ ஃபால், தி ஸோன் ஆஃப் இன்ட்ரெஸ்ட், ஃபாலன் லீவ்ஸ் எல்லாம் ஒரே காம்பெடிஷன்ல வந்துட்டு போயிருந்துச்சு, அந்த போதை யாருக்கும் தெளியல.

ஆனா ரிசல்ட்டைப் பாருங்க. பேச்சு முழுக்க கொப்பொலாவைச் சுத்தித்தான் இருந்துச்சு, இருக்கத்தான் செய்யும், 1974ல தி கான்வர்சேஷனுக்கும் 1979ல அபோகலிப்ஸ் நவ்வுக்கும் ரெண்டு தடவை டாப் பரிசு வாங்குன மனுஷன், ஒயின் தோட்டத் தொழில்ல இருந்து காசு எடுத்து சொந்தமா சுமார் 12 கோடி டாலர் போட்டு படம் எடுத்துட்டு வந்து நிக்கிறாரு. அவருக்கு ஜூரி கையில இருந்து ஒண்ணும் கிடைக்கல. ஷ்ரேடருக்கு இல்ல, க்ரோனன்பெர்க்குக்கு இல்ல, சொரென்டினோவுக்கும் இல்ல. டாப் பரிசான பாம் தோர் ஷான் பேக்கருக்கு. ரெண்டாவது பெரிய பரிசான கிராண்ட் ப்ரீ பாயலுக்கு. ஸ்கிரீன்ப்ளே கொராலி ஃபார்ஜாவுக்கு, டைரக்டர் அவார்டு போர்ச்சுகல் காரரு மிகேல் கோமிஷுக்கு. லிஸ்ட் வந்த அன்னிக்கு "இது யாருப்பா"ன்னு ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போன பேருங்கதான் பாதி. அனோரா அதுக்கப்புறம் 2025 மார்ச்ல பெஸ்ட் பிக்சரோட சேத்து 5 ஆஸ்கரும் அள்ளிட்டு வந்துருச்சு.

என் கட்சி இதான்: லைனப் வந்த அன்னிக்கு நம்ம மதிப்பு போடுறது படத்துக்கு இல்ல, டைரக்டரோட பழைய படத்துக்கு. அதைத் தப்புன்னு சொல்லல, படத்தை இன்னும் யாரும் பாக்காதப்போ வேற எதை வெச்சுப் பேசுறது. ஆனா அதை வெச்சு "செத்துப் போச்சு கேன்ஸ்"னு தீர்ப்பு எழுதுறவங்களைத்தான் தாங்க முடியல.

கேன்ஸ்ல செலக்ட் ஆச்சுன்னா காம்பெடிஷன்னு தானே அர்த்தம்?

இல்லவே இல்ல. பாதி சண்டை இதுல இருந்துதான் கிளம்புது.

அஃபிஷியல் செலக்‌ஷன்னு ஒண்ணு இருக்கு, அதை ஃப்ரெமோ டீம் பாக்குது. அதுக்குள்ள மெயின் காம்பெடிஷன், அன் சர்டெய்ன் ரிகார் (1978ல ஆரம்பிச்சது, கொஞ்சம் புது ஆளுங்க, வித்தியாசமான படங்க), அவுட் ஆஃப் காம்பெடிஷன், மிட்நைட், ஸ்பெஷல் ஸ்கிரீனிங், 2021ல சேத்த கேன்ஸ் பிரீமியர், பழைய படங்களை ரெஸ்டோர் பண்ணிப் போடுற கேன்ஸ் கிளாசிக்ஸ், ஸ்டூடண்ட் படங்களுக்கு லா சினெஃப். பாம் தோர் ரேஸ்ல இருக்குறது மெயின் காம்பெடிஷன் மட்டும்தான்.

இதுக்கு வெளிய தனி நிர்வாகம், தனி செலக்‌ஷன் டீமோட ஓடுறதுங்க உண்டு. 1968 மே மாச கலாட்டாவுல ஃபெஸ்டிவலே பாதியில நின்னு போனதுக்கு அடுத்த வருஷம் பிரெஞ்சு டைரக்டர்கள் சங்கம் ஆரம்பிச்ச டைரக்டர்ஸ் ஃபோர்ட்நைட், முதல் ரெண்டாவது படங்களுக்குன்னே 1962ல இருந்து நடக்குற கிரிட்டிக்ஸ் வீக், அப்புறம் சுயாதீன டைரக்டர்கள் சங்கம் நடத்துற ஏசிட். ஊரு அதே ஊரு, நாளும் அதே நாளு. அதனால வெளிய எல்லாருமே கேன்ஸ்னே சொல்லிக்கிறாங்க, அதுல பெரிய தப்பு இல்ல. ஃபோர்ட்நைட்ல வந்தது மட்டம்னும் நினைக்காதீங்க, பாயலோட முதல் ஃபீச்சர் எ நைட் ஆஃப் நோயிங் நத்திங் 2021ல அங்கதான் வந்துச்சு, பெஸ்ட் டாக்குமெண்டரிக்கான கோல்டன் ஐயும் வாங்குச்சு.

கடைசியா மார்ஷே து ஃபில்ம். இது மார்க்கெட். படம் வாங்குறவங்க விக்கிறவங்க கூடுற இடம். ஸ்க்ரீனுக்கு காசு கட்டுனா உங்க படத்தை அங்க போடலாம், அதை யாரும் செலக்ட் பண்ணல. "கேன்ஸில் திரையிடப்பட்டது"ன்னு போஸ்டர்ல பாத்தா முதல்ல எந்த செக்‌ஷன்னு தேடுங்க. அஃபிஷியல் லிஸ்ட்லயும் இல்லாம ஃபோர்ட்நைட், கிரிட்டிக்ஸ் வீக், ஏசிட் எதுலயும் இல்லாம இருந்தா அனேகமா மார்க்கெட்டுதான். மார்க்கெட் ஸ்கிரீனிங் கேவலம் இல்ல, வியாபாரம் நடக்குற இடம், ஆனா அதை செலக்‌ஷன்னு சொல்லி மாலை போட்டுக்குறதுதான் கொஞ்சம் ஓவரு.

எங்க ஹீரோ, எங்க ஹீரோயின் ரெட் கார்பெட்ல நடந்தாங்களே, அது?

பிராண்டு கூட்டிட்டுப் போச்சு. டிரஸ் நல்லா இருந்துச்சு. அடுத்த கேள்வி.

30 வருஷம் கழிச்சு இந்தியப் படம்னு சொன்னாங்களே, நடுவுல எத்தனையோ இந்தியப் படம் போச்சே?

போச்சு, ஆனா மெயின் காம்பெடிஷன்ல இல்ல. 1994ல ஷாஜி என். கருணோட மலையாளப் படம் ஸ்வாஹம். அதுக்கப்புறம் 2024தான். நடுவுல வந்ததெல்லாம் மத்த செக்‌ஷன்ல: ஷாஜியோட வானபிரஸ்தம் 1999ல அன் சர்டெய்ன் ரிகார், அதே வருஷம் முரளி நாயரோட மரண சிம்ஹாசனம் முதல் படத்துக்கான கேமரா தோர் வாங்குச்சு, கேங்ஸ் ஆஃப் வாஸேபூர் 2012ல ஃபோர்ட்நைட், மசான் 2015ல அன் சர்டெய்ன் ரிகார்.

முன்னாடி நிலைமை இப்படி இல்ல. 1946ல முதல் கேன்ஸ்லயே சேத்தன் ஆனந்தோட நீச்சா நகர் அப்போதைய டாப் பரிசை மத்த பல படங்களோட பகிர்ந்துக்கிச்சு. 1956ல பதேர் பாஞ்சாலி காம்பெடிஷன்ல வந்துச்சு, 1983ல மிருணாள் சென்னோட காரிஜ் ஜூரி பரிசு. 1994க்கு அப்புறம்தான் அந்த நீண்ட வறட்சி.

ஆனா பாயல் படத்துல ஃபிரான்ஸ் காசு இருக்கே, அப்போ அது இந்தியப் படமா?

பாம்பேல வேலை செய்யுற ரெண்டு மலையாளி நர்ஸுங்க கதை, மலையாளம் இந்தி மராத்தி பேசுற படம், கனி குஸ்ருதியும் திவ்ய பிரபாவும் நடிச்சது, எடுத்தது புனே ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்ல படிச்ச பொண்ணு. இதை இந்தியப் படம் இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. காசு கணக்குன்னு பாத்தா ஃபிரான்ஸ், இந்தியா, நெதர்லாந்து, லக்ஸம்பர்க், இத்தாலின்னு நிறைய கை சேந்து எடுத்தது. பிரெஞ்சு கம்பெனி பெத்தி கேயோஸ்தான் முன்னாடி நின்னுச்சு.

கூத்து என்னன்னா, ஆஸ்கருக்கு எந்த நாடு அனுப்பும்னு கேள்வி வந்தப்போ இந்தியா லாபதா லேடீஸை அனுப்புச்சு, ஃபிரான்ஸ் தன்னோட ஷார்ட்லிஸ்ட்ல பாயல் படத்தை வெச்சுட்டு கடைசியில எமிலியா பெரெஸை அனுப்புச்சு. ரெண்டு வீட்டுக்கும் பொறந்த புள்ள, ரெண்டு வீட்டுலயும் சோறு இல்ல.

இதே கேள்வி அந்த வருஷம் வேற படங்களுக்கும் வந்துச்சு. சந்தியா சூரியோட சந்தோஷ் (அன் சர்டெய்ன் ரிகார்) இந்தில பேசுது, ஆனா பிரிட்டன் அதை தன் ஆஸ்கர் படமா அனுப்புச்சு, இந்தியாவுல சென்சார்ல மாட்டிக்கிச்சு. தி ஷேம்லெஸ் எடுத்தவரு பல்கேரியாக்காரரு கான்ஸ்டன்டின் போயனோவ், ஆனா அதுல நடிச்ச அனசூயா சென்குப்தா அன் சர்டெய்ன் ரிகார்ல பெஸ்ட் ஆக்ட்ரஸ் வாங்குனாங்க. இதுல எதுக்கும் "எங்கது, உங்கது"ன்னு கோடு போட முடியாது. சந்தேகமே இல்லாத ஒண்ணு வேணும்னா லா சினெஃப்ல முதல் பரிசு அடிச்ச சிதானந்த நாயக்கோட குறும்படம், அதுவும் புனே இன்ஸ்டிட்யூட்தான். கிளாசிக்ஸ்ல ஷியாம் பெனகலோட மந்தன் வேற. சந்தோஷ் சிவனுக்கு ஒளிப்பதிவுக்காக பியர் அன்ஜெனியூ விருது, ஆசியாவுல இருந்து அவருதான் முதல்.

தமிழ்ப் படம் ஏற்கனவே பாம் தோர் ஜெயிச்சுருச்சுன்னு ஒருத்தர் அடிச்சுப் பேசுறாரே, உண்மையா?

தீபன் பத்தி சொல்றாரு. 2015ல ஜாக் ஓடியார் எடுத்த பிரெஞ்சுப் படம், ஆமா, எமிலியா பெரெஸ் எடுத்த அதே ஓடியார்தான். ஈழத்துல போர் முடிஞ்சு போலி பாஸ்போர்ட்ல குடும்பம்னு சொல்லிக்கிட்டு பாரிஸ் புறநகருக்கு வர்ற மூணு பேர் கதை. வசனம் பெரும்பாலும் தமிழ். ஹீரோ நம்ம எழுத்தாளர் ஷோபாசக்தி, கூட நடிச்சது சென்னை நாடகக்காரங்க காளீஸ்வரி சீனிவாசன், அந்தக் குட்டிப் பொண்ணு கிளாடின் வினாசித்தம்பி. அந்த வருஷ ஜூரி தலைங்க கோயன் பிரதர்ஸ்.

தமிழ் பேசுற படம் ஜெயிச்சுருக்குன்னு தாராளமா சொல்லலாம், நானும் சொல்லிக்கிறேன். தமிழ் சினிமா ஜெயிச்சுதுன்னு சொன்னா அது வேற. அன்னிக்கு வெளிநாட்டு ரசிகர்கள் நிறைய பேருக்கு கோபம், கரோலும் சன் ஆஃப் சாலும் இருக்கும்போது இதுக்கா பாம் தோர்னு. படத்தோட கடைசி அரை மணி நேரம் எனக்கும் ஒட்டல, அதுவரைக்கும் இருந்த நிதானம் போய் துப்பாக்கிப் படமா மாறிடுது. ஆனா ஷோபாசக்தி முகத்துல இருக்குற அந்தக் களைப்பை எந்த கேஸ்டிங் டைரக்டராலயும் கொண்டு வர முடியாது. தனக்குத் தெரியாத மொழியில படம் எடுக்குறது ஓடியாருக்குப் பழக்கம், தீபன்ல தமிழ், எமிலியா பெரெஸ்ல ஸ்பானிஷ். ரெண்டாவதுக்கு மெக்சிகோ ரசிகர்கள் பின்னாடி குடுத்த அடியைப் பாத்தா நம்ம ஆளுங்க ரொம்ப சாது.

அப்போ தமிழ்நாட்டுல இருந்து ஒரு படம் கேன்ஸ் காம்பெடிஷன்ல ஏன் வரல? லாபி இல்லாததாலயா?

லாபி லாபின்னு சொல்றதை விட்டுட்டு படம் எந்த வழியா அங்க போகுதுன்னு பாக்கணும். பாயலோட குறும்படம் ஆஃப்டர்நூன் கிளவுட்ஸ் 2017லயே கேன்ஸ் ஸ்டூடண்ட் செக்‌ஷன்ல வந்தது. அப்புறம் ஃபோர்ட்நைட். நடுவுல ராட்டர்டாம் ஃபெஸ்டிவலோட ஹூபர்ட் பால்ஸ் ஃபண்ட், பிரெஞ்சு தயாரிப்பாளர்ங்க. அதாவது படம் எடுக்குறதுக்கு முன்னாடியே அந்த ஊர்ல பத்து பேருக்கு ஸ்கிரிப்ட் தெரியும். ஏழு வருஷப் பயணம், 2024 ஏப்ரல்ல திடீர்னு பூத்தது இல்ல.

நம்ம படங்க வெளிய போகாம இல்ல, வேற ஊருக்குப் போகுது. வெற்றிமாறனோட விசாரணை 2015ல வெனிஸ் ஃபெஸ்டிவலோட ஒரிசோன்டி செக்‌ஷன்ல வந்துச்சு. பி.எஸ். வினோத்ராஜோட கூழாங்கல் 2021ல ராட்டர்டாம்ல டைகர் அவார்டே ஜெயிச்சுச்சு, அந்த ஃபெஸ்டிவலோட பெரிய பரிசு அதுதான். அவரோட கொட்டுக்காளி 2024ல பெர்லின் ஃபெஸ்டிவலோட ஃபோரம் செக்‌ஷன்ல. ராமோட ஏழு கடல் ஏழு மலை அதே வருஷம் ராட்டர்டாம். ஜனவரி பிப்ரவரில நடக்குற இந்த ஃபெஸ்டிவல்ல வேர்ல்ட் பிரீமியர் பண்ணிட்டா அந்தப் படம் மே மாசம் கேன்ஸ் காம்பெடிஷன் பக்கம் போக முடியாது. கேன்ஸுக்கு காத்திருக்கணும்னா பணம் வேணும், வட்டிக்கு வாங்கி எடுத்த தயாரிப்பாளரை மே வரைக்கும் பொறுன்னு சொல்ல யாருக்கு தைரியம். எனக்குத் தெரிஞ்சு இதுதான் உண்மையான தடை, மொழி இல்ல.

பெரிய டைரக்டர் படத்தையே ரிஜெக்ட் பண்ணுவாங்களா?

பண்ணுவாங்க. சீக்ரெட்ஸ் அண்ட் லைஸுக்கு 1996ல பாம் தோர் வாங்குன மைக் லீயோட ஹார்ட் ட்ரூத்ஸை 2024ல கேன்ஸ் எடுக்கல, அவரே வெளிப்படையா சொன்னாரு. படம் டொரண்டோல வந்துச்சு, நடிச்ச மரியான் ஜான் பாப்டிஸ்டுக்கு பாராட்டு கொட்டுச்சு. இது மைக் லீக்குப் புதுசும் இல்ல, 2004ல வேரா டிரேக்கை கேன்ஸ் வேணாம்னு சொல்ல அது வெனிஸ் போய் அங்க டாப் பரிசான கோல்டன் லயனோட திரும்புச்சு. 2000க்கு மேல படம் அப்ளை பண்ணி காம்பெடிஷனுக்கு இருபத்தி சொச்சம் எடுக்குற இடம், தப்பு நடக்கத்தான் செய்யும்.

சில சமயம் ரிஜெக்டே இல்ல, படம் ரெடியாகியிருக்காது, இல்லன்னா ஆஸ்கர் கணக்குல செப்டம்பர் வெனிஸ்தான் தோதுன்னு கம்பெனிக்காரங்களே முடிவு பண்ணியிருப்பாங்க. ஒரு பேரு இல்லன்னதும் "துரத்திட்டாங்க"ன்னு கதை கட்டாதீங்க.

நெட்ஃப்ளிக்ஸ் படம் ஏன் வரதே இல்ல?

2017ல ஓக்ஜாவும் தி மெயரோவிட்ஸ் ஸ்டோரீஸும் காம்பெடிஷன்ல வந்துச்சு. பிரெஞ்சு தியேட்டர்காரங்க கொதிச்சுட்டாங்க. அடுத்த வருஷத்துல இருந்து காம்பெடிஷன் படம்னா ஃபிரான்ஸ்ல தியேட்டர் ரிலீஸ் கட்டாயம். அந்த ஊர்ல தியேட்டருக்கு வந்த படம் ஓடிடிக்கு வர்ற இடைவெளி சட்டப்படி ரொம்ப அதிகம், அப்போ 36 மாசம், 2022 ஒப்பந்தத்துக்கப்புறம் நெட்ஃப்ளிக்ஸுக்கு 15 மாசம். அவங்க ஒத்துக்கல, 2018ல ரோமாவைத் தூக்கிட்டு வெனிஸ் போய்ட்டாங்க, கோல்டன் லயனும் ஜெயிச்சாங்க. நாலு வாரத்துல ஓடிடிக்கு படம் வந்துடுற நம்ம ஊர்ல இருந்து பாத்தா 15 மாசம் பைத்தியக்காரத்தனமா தெரியும். நான் பிரெஞ்சுக்காரங்க பக்கம், அங்க தியேட்டர் இன்னும் மூச்சு விடுது.

பெண் டைரக்டர் கணக்கு?

2023 காம்பெடிஷன்ல 7 பேர், அதுதான் அதுவரைக்கும் ரெக்கார்டு. 2024ல 4 பேர்: ஆண்ட்ரியா ஆர்னால்ட், பாயல், கொராலி ஃபார்ஜா, முதல் படத்தோட வந்த ஆகத் ரீடிங்கே. அப்புறம் சேத்த மூணுமே ஆண்கள் படம். இந்த நாலு பேர்ல ரெண்டு பேர் மேடை ஏறி பரிசு வாங்குனாங்க. 2024 வரைக்கும் பாம் தோர் வாங்குன பெண் டைரக்டர் 3 பேர்தான்: ஜேன் காம்பியன் 1993 (அதுவும் பாதி, இன்னொரு படத்தோட பங்கு), ஜூலியா டூகோர்னோ 2021, ஜஸ்டின் ட்ரியே 2023. தகுதி பாத்துத்தான் எடுக்குறோம்னு சொல்ற எவரும் இந்த நம்பரைப் பாத்துட்டு அதையே திரும்பச் சொல்லட்டும்.

ரசூலோஃபுக்கு குடுத்த பரிசு அரசியல் பரிசுதானே?

லேட்டா சேத்த மூணு படத்துல ஒண்ணு மொஹம்மத் ரசூலோஃபோட தி சீட் ஆஃப் தி சேக்ரட் ஃபிக். ஈரான்ல அவருக்கு 8 வருஷ ஜெயிலும் கசையடியும் தீர்ப்பு. மலை வழியா நடந்து நாட்டை விட்டுத் தப்பிச்சு, மே 24 பிரீமியருக்கு நேர்ல வந்து நின்னாரு. வர முடியாத ரெண்டு நடிகர்களோட போட்டோவைக் கையில தூக்கிப் பிடிச்சிருந்தாரு. ஜூரி ஸ்பெஷல் பரிசு குடுத்துச்சு.

அரசியல் இல்லன்னு யார் சொன்னா? ஆனா படத்தைப் பாருங்க, கோர்ட்ல வேலை செய்யுற அப்பா, வீட்டுக்குள்ள காணாம போற ஒரு துப்பாக்கி, சந்தேகம் மனைவி பொண்ணுங்க மேல திரும்புறது. முதல் ரெண்டு மணி நேரம் பிடி விடாது. பாம் தோரே குடுத்திருக்கலாம்னு ஒரு கோஷ்டி இன்னும் சொல்லுது, நான் அந்தக் கோஷ்டிக்கு அரை மெம்பர்.

எட்டு நிமிஷம் கைதட்டல், பத்து நிமிஷம் கைதட்டல்னு வர்ற செய்தியை நம்பலாமா?

கைதட்டுனது நிஜம், அதுக்கு அர்த்தம்தான் இல்ல. டைரக்டரும் நடிகர்களும் உள்ளயே இருக்காங்க, கேமரா ஒவ்வொருத்தர் முகமா காட்டுது, அது பெரிய ஸ்க்ரீன்ல தெரியுது, அவங்க எதிர்ல யாரு முதல்ல உக்காருவா. பெரிய நடிகர் பட்டாளம் இருந்தா நிமிஷமும் தானா கூடும். 2006ல பான்ஸ் லாபிரிந்துக்கு 22 நிமிஷம்னு இன்னிக்கும் சொல்லுவாங்க, ஜூரி அதுக்கு ஒரு பரிசும் குடுக்கல. எதிர்ப்பக்கமும் உண்டு, 1960ல லவென்ச்சுராவை ஊளையிட்டாங்க, அது ஜூரி பரிசு வாங்குச்சு.

கிரிட்டிக்ஸ் ஸ்டார் டேபிள்?

ஸ்கிரீன் இன்டர்நேஷனல் பத்திரிகை போடுற கட்டம், ஒவ்வொரு படத்துக்கும் கிரிட்டிக்ஸ் குடுக்குற மார்க், 4க்கு எத்தனைன்னு. பாக்க ஜாலி. 2016ல டோனி எர்ட்மன் 3.7, 2018ல பர்னிங் 3.8. ரெண்டுக்கும் ஜூரி கையில இருந்து எதுவும் வரல. ஜூரில இருக்குறது ஒன்பது பேர், பாதி பேர் நடிகர்கள், அவங்க அந்தக் கட்டத்தைப் பாத்து ஓட்டுப் போடறதில்ல.

நம்ம மாதிரி ஆளு அங்க போய் பாக்க முடியுமா?

பத்திரிகை, இண்டஸ்ட்ரி பாஸ் இல்லாம மெயின் காம்பெடிஷன் கஷ்டம். 18ல இருந்து 28 வயசுக்குள்ள இருந்தா த்ரீ டேஸ் இன் கேன்ஸ்னு ஒரு பாஸ் இருக்கு, சினிமா மேல ஏன் ஆசைன்னு லெட்டர் எழுதி அப்ளை பண்ணணும். ஃபோர்ட்நைட், கிரிட்டிக்ஸ் வீக்ல பொதுமக்களுக்கு டிக்கெட் உண்டு. பீச்ல ராத்திரி போடுற படங்க எல்லாருக்கும் ஃப்ரீ. விசா, ரூம் செலவு மட்டும் நம்ம தலைல, அந்த பத்து நாள் அந்த ஊர்ல ரூம் வாடகை கேட்டா தலை சுத்தும்.

இங்க இருந்தே பாக்கணும்னா?

டிசம்பர்ல திருவனந்தபுரத்துல நடக்குற கேரள சர்வதேச ஃபிலிம் ஃபெஸ்டிவல் (ஐஎஃப்எஃப்கே). 2024ல பாயல் படம் அங்க ஓடுச்சு, அவங்களும் வந்திருந்தாங்க. அதே மாசம் சென்னை ஃபெஸ்டிவலும் நடக்கும், அங்கயும் கேன்ஸ் படங்க ஒரு சிலது வரும். ஷெட்யூல் கைக்கு வந்ததும் பெரிய பேரையெல்லாம் விட்டுட்டு முதல்ல அன் சர்டெய்ன் ரிகார் படங்களைத் தேடி டிக் பண்ணுங்க, ஏன்னா காம்பெடிஷன் படங்க எப்படியும் ஒரு நாள் ஓடிடில வந்துடும், மத்தது வராது. மலையாள ரசிகர்கள் கூட்டத்துக்கு முன்னாடி சீட் பிடிக்கணும்னா ரிசர்வேஷன் திறக்குற நிமிஷமே போன்ல ரெடியா இருங்க.